மெத்தையில் படுத்திருந்த மஞ்சள் ஆள்

பழைய மேசை, நாற்காலி, கட்டில், மெத்தைகளை வாங்கி இணையத்தில் விற்கும் தாய்மாமாவின் கடையில் அவள் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். படம் எடுத்துத் தளத்தில் ஏற்றுவது அவள் வேலை.

"படமெல்லாம் இருட்டடிச்சுக் கிடக்கு. சுலபமா ஒரு சாஃப்ட்வேர் பாரும்மா. நாம என்ன கல்யாண ஆல்பமா போடப் போறோம்?" என்றார் மாமா.

தேடினாள். ஒன்றைத் திறந்தால் விமானம் ஓட்டுகிற அளவுக்குப் பொத்தான்கள். இன்னொன்று எல்லாப் படத்தின் நெஞ்சிலும் தன் பெயரைப் பச்சை குத்தியது. அடுத்தது சின்னது: ஓரம் வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம், பின்னணியை வெள்ளையாக்கலாம். அதுவே போதுமென்று அவளுக்குப் பட்டது. மாமாவுக்குப் பிடித்தது வேறொன்று. அதில் கறைமேல் விரலால் தேய்த்தால் கறை மாயமாகிவிடும்.

"இது போதும்மா, வா!" என்று கிடங்குக்கு இழுத்துப் போனார்.

மூத்திர வாடை முகத்தில் அறைந்தது. சுவரோரம் மெத்தைகள் சாய்ந்து நின்றன. ஒன்றில், யாரோ வருஷக்கணக்கில் படுத்துப் புரண்ட வியர்வை, தலையும் தோளுமாக ஓர் ஆளைப் போலவே மஞ்சளாகப் படிந்திருந்தது. தையலோரம் மூட்டைப்பூச்சியின் கறுப்பு எச்சம். மூக்கைப் பொத்திக்கொண்டு படமெடுத்தாள்.

மேசைக்கு வந்து, போனில் அந்தக் கறையை விரலால் தேய்த்தாள். முதலில் தலை போயிற்று, பிறகு தோள். மெத்தை பால்போல வெளுத்தது. கண்ணாடித் திரையைத்தான் தொட்டிருந்தாள். ஆனாலும் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

"மாமா, இதுல யாராவது கைக்குழந்தையைப் படுக்க வெச்சா?"

"விரிப்பு போடாமலா படுக்க வெப்பாங்க? நீ படத்தை ஏத்து."

அவள் ஏற்றவில்லை. மறுநாள் காலை வண்டிக்காரரிடம் சொல்லி மெத்தையை மாமா வீட்டுக்கே கொண்டுபோனாள். வாசலில் அத்தையிடம் போனை நீட்டினாள்.

"மாமாவுக்கு முதுகுவலின்னு சொன்னீங்களே அத்தை, இது எப்படி?"

"அட, புத்தம் புதுசா இருக்கே! எங்க?"

வண்டிக்காரர் மெத்தையை இறக்கி நிமிர்த்தினார்.

"சீ! சீ! என்ன கண்றாவி இது? வெளிய தூக்குங்க!"

சத்தம் கேட்டு, பாதிச் சட்டை மாட்டியபடி மாமா வந்தார். மெத்தையைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

"இதை எவன் வீட்டுக்குக் கொண்டு வந்தது?"

"நான்தான் மாமா. படத்துல சுத்தமாத்தானே இருக்கு? விரிப்பு போட்டுப் படுத்துக்கங்க."

அத்தை படத்தைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"இதையா அடுத்தவங்க தலையில கட்டப் பாத்தீங்க?"

"இன்னும் விக்கல..."

"பேசாதீங்க. அந்தக் கிடங்குலேருந்து வந்து இதே சட்டையோடதான தினமும் என் கட்டில்ல உக்காருறீங்க? தூ!"

அன்று மாலைக்குள் மெத்தைகள் எல்லாம் குப்பைமேட்டுக்குப் போயின. "எல்லாம் போச்சு" என்று மாமா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மெத்தை வாங்கப் போட்ட காசை நினைத்துத்தான், வேறெதையும் நினைத்தல்ல.

அவள் அந்தச் சின்ன மென்பொருளையே வைத்துக்கொண்டு ஒரு மேசையின் படத்தை ஏற்றினாள். மூலையில் இருந்த கீறலும் தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் போனில் கூப்பிட்டு, கீறல் ஆழமா என்று கேட்டார். "நகம் மாட்டுற அளவுக்கு இருக்கு சார்" என்றாள். நேரில் வருவதாகச் சொன்னார்.

சமாதானம் பேசுவதுபோல மாமா ஒரு கோப்பைத் தேநீரை அவள் முன்னால் வைத்தார். கோப்பையின் விளிம்பில் அவர் விரல் பட்டிருந்ததைப் பார்த்தாள். தேநீர் ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தது.