மாமனார் கடைசியாகச் சொன்னது

பரந்தாமன் பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கோலத்தைப் பார்த்தவர்கள், அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் பிட்டராக இருக்கிற பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் அது. ஜனமெல்லாம் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு திருத்தணி மலையைப் பார்த்து நடக்கிறது. இவன் மட்டும் எதிர்த்திசையில் ஒரு நீளக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். கம்பின் நுனியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு. முதுகில் பேட்டரிப் பெட்டி. இரண்டு காதிலும் கறுப்புக் கிண்ணம்.

"இன்னாப்பா பரந்தாமா, புது மாடல் காவடியா?" என்றார் பக்கத்து வீட்டு வீராசாமி.

"மிலிட்டரி மிஷினுங்க. சண்டையில மண்ணுக்குள்ள பொதச்சி வெச்ச குண்டக் கண்டுபுடிக்கிறது. மூர் மார்க்கெட்ல பழைய சாமான் கடையில கெடந்துது. ரேடியோ சாமானப் போட்டு உசுரு குட்த்துட்டேன்."

"நம்ம ஊர்ல யாரு குண்டு வெச்சாங்க?"

"குண்டு இல்லீங்க. எங்க அக்கா வூட்டு வெள்ளி."

வெள்ளி என்றதும் வீராசாமியின் சிரிப்பு நின்றது. அந்த வெள்ளியின் கதை ஊருக்கே தெரியும். தெரிந்தவர்களில் பாதிப்பேர் அது எங்கே போனது என்பதும் தங்களுக்குத் தெரியும் என்று பன்னிரண்டு வருஷமாய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதத்தின் இடுப்பு முடிச்சுக்குள் போனது என்பது அவர்கள் கணக்கு.

ரஞ்சிதம் வாசலில் நின்று தம்பியைப் பார்த்தாள். இந்த நாளில்தான் வர வேண்டும் என்று கார்டு போட்டு வரவழைத்தவளே அவள்தான். நாத்தனார் சின்னம்மாள் காவடி எடுக்கப் புருஷன் ஊரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நாள் இது. தேடினால் அவள் கண் முன்னால்தான் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால்? அதை ரஞ்சிதம் நினைக்கவே மறுத்தாள். நினைத்தால் கால் நகராது.

நடந்தது இவ்வளவுதான். மாமனார் ஆதிகேசவன் வாலிபத்தில் வண்டி ஓட்டிச் சம்பாதித்த வெள்ளி ரூபாய்களை ஒரு பித்தளைச் சொம்பில் போட்டு நெல் குதிருக்குள் வைத்திருந்தார். ராணி தலை, ராஜா தலை எல்லாம் கலந்து சொம்பு கொள்ளாமல் இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார். மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்பது அவர் வாய்ச்சொல். அறுபத்தாறில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வாய் கோணி, இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலையில் ரஞ்சிதம் பால் ஊற்றப் போனபோது, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவளையே பார்த்தார். நாக்கைப் புரட்டிப் புரட்டி, "பாவி... பாவி..." என்றார். அன்று மத்தியானம் போய்விட்டார்.

காரியம் முடிந்து குதிரின் பூட்டைத் திறந்தால் சொம்பு இல்லை.

சாவி யார் இடுப்பில் இருந்தது? ரஞ்சிதத்தின் இடுப்பில். கடைசி மூச்சில் பெரியவர் யாரைப் பாவி என்றார்? அதற்குமேல் ஊருக்கு என்ன வேண்டும்! மலைமேல் வந்து கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றாள் சின்னம்மாள். செய்கிறேன் என்று ரஞ்சிதம் புறப்பட்டே விட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி சத்தியம் செய்யக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். பிள்ளை பிறந்து, அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறது. சத்தியம் அப்படியே நின்றது, சந்தேகமும் நின்றது. சின்னம்மாள் ஆடிக்கு ஆடி வந்து வீராசாமி வீட்டில் தங்குவாள். அண்ணனைப் பார்க்க வாசல்வரை வருவாள். ரஞ்சிதம் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. "அண்ணி" என்று கூப்பிட்டதும் இல்லை.

புருஷன் மணவாளன் நல்லவன்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் "வுடு, போனது போச்சி" என்பது. எடுத்தவளிடம் சொல்வதா, எடுக்காதவளிடம் சொல்வதா அது? ரஞ்சிதத்துக்கு ஊர்ப் பேச்சைவிட அந்த "வுடு"தான் எரியும்.

"ஆரம்பிடா" என்றாள் தம்பியிடம்.

பரந்தாமன் சுவிட்சைத் தட்டினான். காதுக் கிண்ணத்தைக் கழற்றி ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினான், எல்லாருக்கும் கேட்கட்டுமென்று. ஙொய்ய் என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் ஓடியது. தன் டிபன் டப்பாவைத் தரையில் வைத்து அதன்மேல் தட்டைக் கொண்டுபோனான். சத்தம் கீஈஈ என்று உச்சிக்கு ஏறியது. கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்து, மறுபடி இரண்டு அடி முன்னால் வந்தது. காவடிக்காரர்கள்கூட இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.

கூடத்தில் தேடினார்கள். குதிர் இருந்த மூலையில் கத்தியது. கொத்திப் பார்த்தால் கதவுக் கீல். மாட்டுக் கொட்டகையில் கத்தியது. லாடம். வைக்கோல் போர் அடியில் அது போட்ட கூச்சலைக் கேட்டு மணவாளனே ஓடிவந்துவிட்டான். ஆறு வருஷத்துக்கு முன் காணாமல் போன அவனுடைய அரிவாள்.

"அரிவாளு கெடச்சிது, லாடம் கெடச்சிது. தோ, மாடு ஒண்ணுதான் பாக்கி, தோண்டுப்பா" என்றார் வீராசாமி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சின்னம்மாள் மஞ்சள் புடவையில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். "வெச்ச எடத்துல இருந்தா மிஷினு சொல்லும். செலவு பண்ணத எந்த மிஷினு சொல்லும்?" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் வீடு, கொட்டகை, களம் எல்லாம் முடிந்துவிட்டன. பரந்தாமன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, பேட்டரி எறங்கிக்கினே வருது" என்றான் மெதுவாக. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டே இருக்க வேண்டாம். சும்மா இருந்த சந்தேகத்துக்கு மிஷின் வைத்துச் சாட்சி சேர்த்தது போல் ஆகிவிட்டதே! அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாய் வந்தது.

அப்போதுதான் நகரிப் பக்கத்திலிருந்து நடந்து வந்த ஒரு காவடிக் கூட்டம் வாசலில் நின்றது. மஞ்சள் துணி கட்டிய ஒரு நடுவயதுக்காரி, கையில் காலிச் சொம்போடு ரஞ்சிதத்தின் நேரே வந்தாள்.

"அம்மா, பாவி எக்கடம்மா?"

ரஞ்சிதம் சுருக்கென்று நிமிர்ந்தாள். யாரடி என்னைப் பாவி என்கிறவள் என்று வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். கயிறு இழுப்பதுபோல் கையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"ஆங், பம்ப் செட்டாண்ட போ, அங்க கெணறு இருக்குது" என்று வீராசாமி கையைக் காட்டினார்.

பாவி என்றால் தெலுங்கில் கிணறு என்று ரஞ்சிதத்துக்குச் சட்டென்று உறைத்தது. அதே கனத்த "பா". அடிவயிற்றிலிருந்து வருகிற அதே "பா". பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கோணிய வாயிலிருந்து வந்ததும் இதேதான். மாமனார் பிறந்து வளர்ந்தது தெலுங்கு பேசுகிற நகரிப் பக்கம். நாற்பது வருஷம் இந்த ஊரில் தமிழ் பேசி, கிணற்றைக் கெணறு என்றே சொன்னவர். வாய் இழுத்துக்கொண்ட பிறகு, கடைசியில் நாக்குக்கு எட்டியது தாய் சொல்லிக்கொடுத்த சொல் மட்டும்தான். ரஞ்சிதம் பிறந்தது மணவூர், அவளுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் இந்த ஊரில் தெலுங்கு அறியாத காது எத்தனை? அன்று ஒரு காதிலும் கிணறு விழவில்லை. பாவி என்று சொல்ல ஆள் எதிரிலேயே இருந்தாளே!

"மாமா கெணறுன்னு சொன்னாரு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். "டேய், மாமா என்ன வையலடா! கெணறுன்னு சொன்னாருடா! பழைய கெணறு! வாடா!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லையைப் பார்த்து ஓடினாள். பின்னால் பெட்டியும் கம்பும் ஆடப் பரந்தாமன், அவன் பின்னால் மொத்த ஊரும் ஓடியது. சொம்பு வைத்திருந்த நகரிக்காரிகூடத் தண்ணீரை மறந்துவிட்டு ஓடினாள், எதற்கென்று தெரியாமலேயே.

ஓடிப் போய் நின்றால் எதிரே வேர்க்கடலைக் கொல்லை. பழைய கிணறு இடிந்து, தூர்த்து, உழுது எட்டு வருஷம் ஆகிறது. புதுக் கிணறும் பம்ப் செட்டும் தெற்கே போய்விட்டன. பழையது இருந்த இடம் எதுவென்று ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். வரிசை வரிசையாய்ச் செடிகள் மஞ்சள் பூ விட்டிருந்தன. ரஞ்சிதம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது "வுடு" என்று சொன்னால் இந்த ஜென்மத்தில் அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று அந்த நொடியில் முடிவு செய்துவிட்டாள்.

மணவாளன் செடிகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "மிதிச்சா மிதிச்சிக்கினு போவுது. நீ தேடு மச்சான்" என்றான்.

தட்டு செடிகளின் தலையைத் தடவிக்கொண்டு போனது. ஙொய்ய். ஙொய்ய். சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது. மேற்கு வரப்பை நெருங்கும்போது கீஈஈ என்று வீறிட்டது.

மணவாளனே கடப்பாரையை வாங்கினான். நாலு போடு. துருப்பிடித்த இரும்புத் தகடு ஒன்று மடங்கி வெளியே வந்தது. கூட்டத்தில் உச்சுக் கொட்டினார்கள். மணவாளன் மட்டும் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"கவலைச் சாலுடா இது! நைனா மாடு கட்டித் தண்ணி எறச்ச சாலு! கெணறு இங்கதான் இருந்துது! கெழக்கால கல்லு போட்டிருந்தாரு, நைனா வெயிலுக்கு அங்கதான் குந்திக்கினு இருப்பாரு. கெழக்கால வா மச்சான்!"

மூன்றடி கிழக்கே நகர்ந்தார்கள். சத்தமில்லை. இன்னும் இரண்டடி. பேட்டரி சாகப் போகிற மாதிரி இருமியது. ரஞ்சிதத்துக்கு முருகா என்றுகூடச் சொல்ல வரவில்லை. திடீரென்று தட்டு கத்தியது. இரும்புக்குக் கத்திய மாதிரி இல்லை, குழைந்து நீண்டு கத்தியது.

"தோண்டு!" என்றான் பரந்தாமன்.

கடப்பாரை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ரஞ்சிதம் மண்டியிட்டாள். களைக்கொட்டால் கொத்தினாள், பிறகு கையாலேயே பறித்தாள். முழங்கை ஆழத்தில் ஒரு பலகைக் கல். கல்லைப் புரட்டினால் பச்சை பூத்த பித்தளை. வாய்க்கு அரக்கு வைத்து அடைத்த சொம்பு. இரண்டு கையாலும் தூக்க முடியாத கனம். மணவாளன் கைகொடுத்துத் தூக்கினான். அரக்கை உடைத்துச் சாய்த்தபோது கரேலென்று வட்ட வட்டமாய்க் கொட்டியது. ஒன்றை எடுத்து மண்ணில் தேய்த்தான் பரந்தாமன். வெள்ளை பளீரென்று கிளம்பியது. கொண்டை போட்ட ராணியின் தலை!

ஊர் கூவியது. நகரிக் கூட்டம் புரிந்தும் புரியாமலும் அரோகரா போட்டது. யாரோ மேளத்தைத் தட்டினார்கள். வீராசாமி தலையில் அடித்துக்கொண்டார். "தங்கத்துக்குச் சர்க்காரு சட்டம் போட்டாங்களே, அப்போ! அடுத்தது வெள்ளியத்தான் புடுங்குவான்னு கெழவரு பொலம்பிக்கினே இருந்தாருய்யா! எடுத்தாந்து இங்க பொதச்சிட்டாரு!"

ரஞ்சிதம் காசைப் பார்க்கவில்லை. மண்ணாகிய கையோடு எழுந்து நேரே சின்னம்மாளிடம் போனாள். கூட்டம் வழி விட்டது.

"சின்னம்மா, உங்க நைனா கடைசியா இன்னா சொன்னாரு?"

சின்னம்மாள் தலை கவிழ்ந்தாள்.

"சொல்லு. பன்னெண்டு வருசமா ஊரெல்லாம் சொன்னியே, இப்ப என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"பாவின்னு..."

"அப்டின்னா?"

"கெணறு" என்றாள் சின்னம்மாள். "எனக்குத் தெலுங்கு தெரியும் அண்ணி. நைனாகிட்ட கத்துக்கினது. தெரிஞ்சும் எனக்கு அன்னிக்கிக் காதுல வுழல."

ரஞ்சிதத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மாமனார் மகனிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. தன் கையைப் பிடித்து, தன்னைப் பார்த்து, தன்னிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வசவு என்று இத்தனை நாள் சுமந்தது நம்பிக்கையாய் இருந்திருக்கிறது. "மாமா, எனக்குப் புரியாம போச்சே மாமா" என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மணவாளன் பக்கத்தில் வந்து நின்றான். அவள் கையிலிருந்த மண்ணைத் தன் துண்டால் துடைத்தான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. சின்னம்மாள் வரப்பின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். உதடு காய்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாய்க் கேட்காததைக் கேட்டாள்.

"அண்ணி, ஒரு வாய் தண்ணி குடு."

ரஞ்சிதம் மூக்கைச் சிந்திவிட்டு, நகரிக்காரியின் கையிலிருந்த காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"இரு, இந்தப் பாவி போயி பாவில மொண்டுக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் புதுக் கிணற்றைப் பார்த்து நடந்தாள்.