இரட்டைக் கத்தியும் ஒரு கீறலும்

லிங்கப்பன் பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்யநாதனின் மடியில் வைத்தபோது, அதன் அடியில் நீலமாக ஏதோ கலங்கித் தெரிந்தது அவருக்கு. அவ்வளவுதான்.

மண்டி மொஹல்லாவில் லிங்கப்பனுக்கு ஏலக்கடை. ஜெர்மன் சண்டை ஓய்ந்த பிறகு ஊரை விட்டுப் போகும் துரைமார்களின் வீட்டுச் சாமான்கள் அங்கேதான் வந்து சேர்ந்தன. பீங்கான் வந்தால் வைத்யநாதன் அடியைப் பார்த்து எந்தப் பட்டறை, அசலா போலியா என்று சொல்லிவிடுவார். சென்ற மழைக்காலத்திலிருந்து கண் மங்கிக்கொண்டே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, மனைவி கனகலக்ஷ்மியிடம்கூட. பிள்ளையில்லாத வீட்டில் தானும் அவளுக்கு ஒரு பாரமாகிவிடுவோமோ என்ற பயம். போன வாரம் அவர் அசல் என்று சொன்ன ஒரு கிண்ணம் போலி என்று கடைக்கே திரும்பி வந்திருந்தது. அதனால்தான் லிங்கப்பன் கூடையும் கையுமாக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஸ்வல்ப நிதானமா பாருங்க, ஐயரே. இதுவும் தப்பினா கடைப் பேரு போயிடும்."

வைத்யநாதன் விரலால் தடவினார். ஜெர்மனியின் மைஸன் பட்டறைக்கு அடையாளம் குறுக்காகப் போட்ட இரண்டு கத்திகள். அசலில் அவை மெருகுக்கு அடியில் இருக்கும், கைக்குத் தட்டாது. தட்டியது ஒரு கீறல் மட்டும். அதற்கடியில் இருப்பது கத்திதானா? குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார்.

காப்பி கொண்டுவந்த கனகலக்ஷ்மி டம்ளரை வைக்கக் குனிந்தாள். உடனே நிமிரவில்லை.

"ஏன்னா, கத்தி ரெண்டும் ரொம்ப மெல்லிசா இருக்கே," என்றாள், கறிகாய் வாங்குவதைப் பற்றிப் பேசுகிற குரலில். "பிடிகிட்ட லேசா வளைஞ்சிருக்கு. அன்னிக்கு உடைஞ்ச தட்டுல காமிச்சேளே, அதே மாதிரி."

அவருக்குப் புரிந்தது. சாதத்தில் கிடக்கும் கல்லை அவளே பொறுக்கிப் போடுவதும், தெருவில் எதிரே வருகிறவர் பேரை முன்னாலேயே முணுமுணுப்பதும். இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறாள்.

"மைஸன்தான்," என்றார். "ஆனா குறுக்கே கீறியிருக்கு. பழுதுன்னு பட்டறையிலேயே கழிச்சது. மேல இருக்கிற பூ வேற யாரோ எழுதினது."

லிங்கப்பன் மூச்சு விட்டார். "நீங்க சொன்னா சரி, ஐயரே."

"இருங்கோ, லிங்கப்பா." வைத்யநாதன் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கீறல்தான் நான் சொன்னது. கத்தியைப் பாத்தது அவ. எனக்கு உங்க முகமே இப்போ சரியாத் தெரியல்லே."

தெருவில் ஒரு ஜட்கா வண்டி கடந்து போயிற்று. பிறகு கூடைக்குள் வைக்கோல் சரசரத்தது. லிங்கப்பன் சின்னக் கோப்பை ஒன்றை எடுத்தார். வைத்யநாதனிடம் நீட்டப் போனவர் கையைத் திருப்பினார்.

"வெளிச்சத்துல வெச்சுப் பாருங்கம்மா."

அவள் ஈரக்கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கோப்பையை இரு கையாலும் வாங்கி ஜன்னலருகே போனாள். வைத்யநாதன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். வெயிலுக்கு எதிரே அவள் உருவம் மட்டும் நிழலாகத் தெரிந்தது. தலை கோப்பையின் மேல் கவிழ்ந்திருந்தது.

"நீலத்துல," என்று ஆரம்பித்தாள், "நீட்டா ஒரு கோல் மாதிரி..." வைத்யநாதன் கண்ணை மூடிக்கொண்டு, அது எந்தப் பட்டறையின் அடையாளம் என்று யோசிக்கத் தொடங்கினார்.