கூண்டு மாட்டிய கை

1926ஆம் வருஷம் ஐப்பசியில், மலாயாவில் யோங் பெங்குக்குத் தெற்கே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளையம்மாவின் வலது கை தனியாக வேலைக்கு வந்தது. முந்தின நாள்தான் ஆலை உருளைகள் அதைப் பிடித்து மூன்று விரல்களை நசுக்கியிருந்தன. தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் முழங்கைக்குக் கீழே வெட்டி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதைத்திருந்தார். வெள்ளையம்மா காய்ச்சலில் கட்டிலில் கிடக்க, கை மட்டும் நகங்களில் செம்மண்ணோடு விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஊர்ந்து வந்து, பெண்கள் வரிசையில் தன் இடத்தில் நின்றது. மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்த தேளை வைத்து ஆளை அடையாளம் கண்ட கனகராஜ் கங்காணி, அவள் பெயருக்கு நேரே அரைநாள் கூலிக்கான அரைப்பேர் போட்டார். முழு ஆள் வராதபோது முழுப்பேர் போட முடியாது என்றார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த மிஷின் சீமையிலிருந்து வந்தபோது, உருளைகளின் வாயை மூட ஓர் இரும்புக் கம்பிக் கூண்டும் கூடவே வந்தது. உறைந்த ரப்பர் கட்டியை அதன் இடுக்கு வழியாகத்தான் உள்ளே தள்ள முடியும், விரல் போகாது. ஆனால் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். அதனால் துரை முதல் வாரமே நான்கு திருகாணிகளைக் கழற்றி, கூண்டைப் பங்களாவுக்குத் தூக்கிப் போகச் சொன்னார். அங்கே அது துரைசாணியின் வான்கோழிக் குஞ்சுகளை உடும்பு தின்னாமல் பல வருஷம் காத்தது. ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. தோட்டத்துச் சனமோ கூண்டை மறந்தேபோனது. ஆயுத பூஜைக்கு ஆலை முனியாண்டிக்கு ஆடு வெட்டாமல் சேவலோடு நிறுத்தியதால்தான் சாமி கையைக் கேட்டுவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். துரைக்கு இது தேனாக இனித்தது. வருஷா வருஷம் தன் செலவில் ஆடு தருவதாகச் சொல்லி, முதல் ஆட்டை அன்றே அனுப்பினார். ஆளையே நசுக்கியவன் கொடுத்த ஆடு என்று ஒருவருக்காவது தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும். சிக்கவில்லை. எலும்பைக்கூட விடாமல் தின்றார்கள்.

காயம் ஆறிய பிறகு வெள்ளையம்மாவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். அவளுடைய பதினாறு வயது மகள் புஷ்பவள்ளி வருகிற திங்கட்கிழமையிலிருந்து அதே உருளையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று துரை சொன்னதை ஆபீசில் கணக்கு எழுதும் மரியநாதன் கிராணி தமிழில் சொன்னார். வெள்ளையம்மாவின் பார்வை பங்களா முற்றத்து ஓரத்தில் குஞ்சுகள் மேலிருந்த கூண்டில் நின்றது.

“ஐயா, ஆடு வேணாங்க. அந்தக் கூண்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்க. எம்மவளுக்குப் பத்து வெரலும் வேணும்” என்றாள்.

துரைக்குத் தமிழ் வராது. ஆடு கொடுத்ததற்கு நன்றி சொல்கிறாள் என்று கிராணி மொழிபெயர்த்தார். துரை தலையாட்டினார். கிராணிக்கு அன்று சாப்பாடு இறங்கியதா என்று தெரியவில்லை; இறங்கித்தான் இருக்கும்.

திங்கட்கிழமைப் பெரட்டில் கை இல்லை. அது பங்களாவுக்குப் போயிருந்தது. நசுங்காத இரண்டு விரல்களால் கூண்டைப் பற்றிச் செம்மண் சாலையில் இழுத்துக்கொண்டு வந்ததைப் பால்வெட்டுக்குப் போனவர்கள் பார்த்து வழிவிட்டார்கள். புஷ்பவள்ளி ஆலைக்குள் நுழைந்தபோது கூண்டு மிஷினில் இருந்தது. கை நான்காவது திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தது. துரை வந்து கத்தினார். மிஷினைப் பழுது பார்க்கும் பிட்டர் மனோகரன் கழற்றினான். மறுநாள் காலை கூண்டு மறுபடி மிஷினில் இருந்தது. இப்படிப் பதினொரு நாள். இதற்குள் உடும்பு எல்லாக் குஞ்சுகளையும் தின்று முடித்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் மனோகரன் ஸ்பேனரைத் துரையின் முன்னால் நீட்டினான். அவன் சொன்னதை அன்று கிராணி சொன்னபடியே மொழிபெயர்த்தார்.

“இனிமே நான் கழட்ட மாட்டேன் தொர. வேணும்னா நீங்க கையை உள்ள விட்டுக் கழட்டிக்குங்க.”

துரை தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார்.

மூன்று வருஷம் கழித்து வந்த ஒரு அரசாங்கப் பரிசோதகர், தொழிலாளர் மேல் துரைக்கு உள்ள அக்கறைக்குக் கூண்டே சாட்சி என்று எழுதிப் போனார். அதற்காகத் துரைக்கு விருந்து நடந்தது. ஆலையில் புஷ்பவள்ளி பதினொரு வருஷம் நின்றாள். ஒரு நகம்கூடப் பெயரவில்லை. கை தினமும் பெரட்டுக்கு வந்து, திருகாணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தரை கூட்டியது. ஒரு நாளும் முழுப்பேர் விழவில்லை.

1937இல் வெள்ளையம்மா செத்தாள். அன்று கைக்கு லீவு கொடுக்கவில்லை. புஷ்பவள்ளி தன் பத்து விரல்களாலும் அம்மாவைக் குளிப்பாட்டி, இடது கையை மட்டும் நெஞ்சின் மேல் வைத்து அனுப்பினாள். மறுநாள் பெரட்டில் கங்காணி பழக்கத்தில் வெள்ளையம்மா என்று கூப்பிட்டார். கை தன் இடத்தில் வந்து நின்றது. அரைப்பேர் போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.