பின்வாங்கச் சொன்னவர்

ரயில்வே கேட்கீப்பரின் மகன் அவர். சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, முட்டி மோதி ஜெனரல் ஆனவர். அதிகாரிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘கேட்டு’. காதில் விழுந்தால், “ஆமாப்பா, திறக்கவும் தெரியும், சாத்தவும் தெரியும்” என்று சிரித்துக்கொண்டே சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொள்வார். முதல் சண்டையில் முழங்காலில் குண்டு பாய்ந்ததிலிருந்து கால் தாங்கித்தான் நடை. அந்தக் காலோடு பதுங்குகுழி பதுங்குகுழியாக இறங்கி, பையன்கள் சாப்பிட்டார்களா என்று பார்ப்பார்.

இந்த யுத்தத்தில் ஆற்றங்கரை நகரத்தைக் காக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கோடை முடிவதற்குள் பீரங்கிக்குக் குண்டு தீர்ந்துவிட்டது. மூன்று பக்கமும் எதிரி, பின்னால் ஒரே ஒரு பாலம். ராணுவ அமைச்சரின் செயலாளர், ஜெனரல் மனைவியின் சொந்தத் தம்பி. அவனுக்குப் போன் போட்டார்.

“மாப்ள, பாலம் இருக்கும்போதே பசங்களை அந்தப் பக்கம் கொண்டுபோயிடறேன். அமைச்சர்கிட்ட சொல்லு.”

“ஒரு அடி நகரக்கூடாதுங்கறார் மாமா.”

“இங்க வந்து நின்னு சொல்லச் சொல்லு.”

தம்பி போனை வைத்துவிட்டான்.

அடுத்து வீட்டுக்குப் பேசினார். மனைவி நர்ஸ். டியூட்டி முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள்.

“பின்வாங்கச் சொல்லப்போறேன். ஜெயில்ல போட்டாலும் போடுவாங்க.”

“போடட்டும். உயிரோட வாங்க, போதும்.”

கர்னலைக் கூப்பிட்டு வாய்மொழியாக உத்தரவு கொடுத்தார். எழுதித் தரச்சொல்லி கர்னல் கேட்கவில்லை. இவர் சொன்னால் அவருக்குப் போதும்.

படை பாலத்தைக் கடந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிய கடைசி லாரியும் போகட்டும் என்று ஜெனரல் பாலத்து முனையிலேயே நின்றார். விமானம் வீசிய குண்டு அவர் பக்கத்திலேயே விழுந்தது. லாரி தப்பியது. அவர் உடலைக்கூட எடுக்க முடியவில்லை.

‘கடைசி மூச்சு வரை பின்வாங்காத வீரர்’ என்றது வானொலி. தளபதியைத் தனியே விட்டு ஓடிய துரோகி என்று கர்னலைப் பிடித்துப் போட்டார்கள்.

ஜெனரலின் மனைவி தம்பியின் அலுவலகத்துக்கு ஓடினாள். “உத்தரவு போட்டது அவர்தான்டா. எங்கிட்டயே சொன்னார். உங்கிட்டயும் கேட்டாரில்ல?”

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். “அக்கா, மாமாவுக்கு நல்ல பேர் கிடைச்சிருக்கு. நீயே கெடுக்காதே.”

ராணுவக் கோர்ட்டிலும் போய்ச் சொன்னாள். “துக்கத்துல இருக்கீங்கம்மா, வீட்டுக்குப் போங்க” என்றார் நீதிபதி, மிக மரியாதையாக. தம்பி சாட்சி சொல்ல வரவேயில்லை. கர்னலைச் சுட்டுக் கொன்றார்கள். பாலம் தாண்டி வந்த பையன்களை, ஒரு அடி நகரக்கூடாது என்ற அதே உத்தரவோடு வேறொரு நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து திரும்பியவர்கள் கொஞ்சம்தான்.

கர்னலின் மனைவியைப் பார்க்கப் போனாள். அந்த அம்மாள் பாதிக் கதவைத் திறந்தபடி நின்றாள்.

“உங்க வீட்டுக்காரருக்குச் சிலை வைக்கறாங்களாமே?”

“நான் வேண்டாம்னுதான்...”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவள் படியிறங்கி, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதால், ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.