மேட்டு வீடும் ஆற்றங்கரை வீடும்

1
இந்தக் கதை என் வாயால் வந்தது. வெள்ளக் காப்புறுதியை எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கலாமா என்று வானொலியில் விவாதித்தார்கள். ஜேர்மனியில், வுப்பர்டாலில் என் வீடு மேட்டில் இருக்கிறது. “எனக்கெதற்கு?” என்று உரக்கச் சொல்லிவிட்டேன். சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

(விவாதத்தில் இருப்பதைக் கொஞ்சம் மாற்றிக் கதையில் சட்டமாக்கிவிட்டேன். பாராளுமன்றம் தேவைப்படவில்லை.)

2
முதல் தொடக்கம்: ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த்திருவிழாச் செலவை உபயகாரர்கள் பங்கு போடுவதுபோல, காப்புறுதிக் கம்பனிகளும்

வெட்டிவிட்டேன். உபயகாரர் விரும்பிக் கொடுப்பவர்.

நேராகவே சொல்கிறேன். ஆற்றங்கரை வீட்டை எந்தக் கம்பனியும் தனியாக ஏற்காது. அரசு பின்னால் நிற்க, எல்லாக் கம்பனிகளும் சேர்ந்து ஏற்கும். நட்டம் வந்தால், யாருக்கு எவ்வளவு வியாபாரமோ அவ்வளவு பங்கு. அந்தப் பங்கை மேட்டு வீட்டுக்காரரின் கட்டணத்தில் ஏற்றிவிடுவார்கள். ஆற்றங்கரைக்காரர் கையெழுத்து வைத்தால்தான் திட்டத்தில் சேருவார்; மேட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை.

3
சுந்தரேஸ்வரி அக்காவின் வீடு ஆற்றங்கரையில். வெள்ளம் வந்தபோது நிலவறை முழுக்கச் சேறு. மேட்டு வீட்டுக்காரன் நிஷாந்தன் லீவு போட்டு இறங்கி வந்தான். சேறு அள்ளினான், ஊறிப்போன கட்டிலைத் தோளில் சுமந்தான். பெற்றோல் காசுகூட வாங்கவில்லை.

திட்டம் வந்து கட்டணம் கூடியதும் அதே நிஷாந்தனுக்குத்தான் கோபம் வந்தது. ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டு விருந்தில், அக்கா பின்னால் நிற்பது தெரியாமல் சொன்னான்:

“ஆத்தங்கரையில வீடு வாங்கினது ஆர்? நான் ஏன் காசு கட்டவேணும்?”

திரும்பியவன் அக்காவைக் கண்டான். “அக்கா, நீங்கள் கேட்டிருந்தா நான் குடுத்திருப்பன். இந்தக் கம்பனிக்காரங்கள் கேக்காமல் எடுக்கிறாங்கள்.”

“ஓம் தம்பி.”

* இவனைக் கஞ்சனாக்கிப் பார்த்தேன். கதை சுலபமாயிற்று, பொய்யுமாயிற்று. திருத்திவிட்டேன்.

4
காப்புறுதி முகவர் சிற்றம்பலம், திட்டத்தில் சேருவதற்கான அன்ட்ராக் படிவத்தை அக்காவின் மேசையில் வைத்தார்.

“கையெழுத்தை வையுங்கோ தங்கச்சி. இன்னொரு வெள்ளம் வந்தா நீங்கள் இந்த வீட்டில இருக்கேலாது.”

“நிஷாந்தனிட்டைக் கேக்காமல் ஏலாது அண்ணை.”

“ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை எண்டுதானே இந்தத் திட்டம். ஆரின்ர முகத்தையும் பாக்கத் தேவையில்லை.”

“நான் அவன்ர முகத்தைப் பாத்திட்டன்.”

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அக்கா கையெழுத்து வைப்பதாக எழுதினேன். அவர் அன்றிலிருந்து கோயிலில்கூட நிஷாந்தன் நிற்கும் பக்கம் போகவில்லை. வைக்காமல் விடுவதாக எழுதினேன். அன்று வெளியே மழை பெய்ய, அக்காவின் நிலவறையை நினைத்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

5
மூன்றாவதாக எழுதியதில் அக்கா போனை எடுக்கிறார்.

“தம்பி, இப்ப கேக்கிறன். கையெழுத்து வைக்கட்டோ?”

நிஷாந்தன் போனை மற்றக் காதுக்கு மாற்றி

இல்லை. அவன் பதிலை நான் எழுதப்போவதில்லை. இரண்டு விதமாகவும் எழுத எனக்கு வரும், அதுதான் பயம். வாசகரே, உங்கள் வீடு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டு இருக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.