ஒன்பதாவது ஜன்னலில் அம்மா

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறது என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அது பொய்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு பேய்ப்படத்திலிருந்து தொடங்குகிறது என்றால் தப்பில்லை. நான் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள்.

படத்தில் எட்டு ஜன்னல் வைத்த ஒரு வீடு வரும். கடைசிக் காட்சியில் கதாநாயகன் வெளியே நின்று ஜன்னல்களை எண்ணுவான். ஒன்பது இருக்கும். ஒன்பதாவதில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண் நிற்பாள். படம் அத்தோடு முடிந்துவிடும்.

அந்தப் பெண் என் அம்மா.

(இந்த வரியைத் தனியாக நிறுத்தி வைத்ததில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் இதை இப்படித்தான் நிறுத்திச் சொல்வார்.)

2

வேறொரு தொடக்கம்: "புனே கோர்படியில் ராணுவக் கிடங்கில் வேலை பார்த்த சுந்தரமூர்த்தி, கல்யாணமான புதிதில் தன் மனைவி பானுவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டார். அவள் பதினேழு வயதில் சினிமாவில்..."

இது நன்றாக இல்லை. அப்பாவை 'சுந்தரமூர்த்தி' என்று எழுதினால் யாரோ போல இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் வீடு கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் பின் தெரு. கூட்டத்தில் நிற்க ஆள் குறைந்தால் அந்தத் தெருப் பெண்களைக் கூப்பிடுவார்களாம். அப்படிக் கூப்பிட்டு ஒரே ஒரு நாள் போனாள். பிறகு கல்யாணம், புனே, நான். கல்யாணத்துக்கு முன் எடுத்த அவள் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஞாயிறு மதியங்களில் தொலைக்காட்சியில் மாநில மொழிப் படம் போட்ட காலம். ஒரு வாரம், அவள் போய் நின்ற இந்தப் படம் வந்தது. அப்பா யாரிடமோ வி.சி.ஆர். கடன் வாங்கிப் பதிவு செய்தார். அன்றிலிருந்து அவர்களுடைய ஒவ்வொரு கல்யாண நாளிலும் எங்கள் குவார்ட்டர்ஸில் பேய்ப்படம்தான். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களும் வருவார்கள். கேசரி உண்டு. ஒன்பதாவது ஜன்னல் வந்ததும் அப்பா படத்தை நிறுத்துவார், எல்லோரும் கைதட்டுவார்கள். அம்மாவுக்குக் காலனியில் 'பூத் வஹினி' என்றே பெயர். பேய் அண்ணி. அவள் சிரித்துக்கொண்டே கேசரித் தட்டோடு உள்ளே போய்விடுவாள்.

அடிக்குறிப்பு போல ஒன்று: வீடியோ நாடாவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிறுத்தினால் அந்த இடம் தேய்ந்துபோகும். இது எங்களுக்குத் தெரியாது. ஆசை ஆசையாய் நிறுத்தி நிறுத்தி அந்த ஒரு முகத்தை மட்டும் நாங்களே அழித்தோம். முதலில் கோடுகள் வந்தன, பிறகு பனிமூட்டம். நான் கல்லூரிக்குப் போகும்போது அங்கே ஒரு வெள்ளைத் திட்டுதான் இருந்தது. அதற்கும் கைதட்டினோம்.

3

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா விமான் நகரில் எங்களோடு இருக்கிறார். போன மாதம் கண்புரை அறுவை முடிந்து, கட்டுப் பிரித்த அன்றே என் நரைமுடியைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

அதே வாரம் என் கணவர் ஹரிபிரசாத் அந்தப் படத்தின் குறுந்தட்டை வரவழைத்தார். பழைய படத்தை ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்து, துல்லியமான பிரதியாக வெளியிட்டிருக்கிறார்களாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "புதுக் கண்ணு, புதுப் படம். வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாண நாளு. பானுவைப் பாத்துடறேன்" என்றார்.

(முதல் வரைவில் ஹரிபிரசாத்தை நான் சிஞ்ச்வட் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர் ஆக்கியிருந்தேன். உதிரிப்பாகத்தில் கீறல் பார்க்கும் கண் கதைக்கு உதவும் என்று. நிஜத்தில் அவருக்குக் கொள்முதல் பிரிவில் வேலை. எதிரில் இருக்கும் உப்பு அவர் கண்ணில் படாது. இந்த ஆள் சொல்வதை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம்.)

சனிக்கிழமை, அப்பா பூங்காவுக்கு நடக்கப் போயிருந்தபோது, நாங்கள் இருவரும் போட்டுப் பார்த்தோம். ஒன்பதாவது ஜன்னல் வந்தது. ஹரி நிறுத்தினார். பெரிய திரையில் முகம் பளிச்சென்று நின்றது. விக் ஓரத்தில் பசை தெரிந்தது. மேலுதட்டில் பவுடருக்குக் கீழே கருநிழல். கழுத்தில் துருத்திக்கொண்டு ஒரு குரல்வளை முடிச்சு.

"பிரியா, இது ஆம்பளை" என்றார் ஹரி.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம், அப்பா வருகிறாரா என்று வாசலைப் பார்த்தேன்.

4

சின்ன வயதில் அந்த முகத்தைப் பார்த்து நடுங்கி, அம்மாவின் புடவைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறேன். அங்கேயும் அம்மா, இங்கேயும் அம்மா. எந்த அம்மாவுக்குப் பயந்தேன்? இப்போது அது யாரோ ஒரு ஆள் என்றால், அந்தப் பயத்தை என்ன செய்வது? இந்தப் பத்தியை ஒழுங்காக முடிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால்...

அம்மா பொய் சொன்னாளா? எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்துப்போனவளோடு சண்டை போடவும் முடியாது. மறுபடி முதலிலிருந்து படத்தை ஓட்டினேன்.

தொடக்கத்தில் ஒரு கல்யாணக் காட்சி. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். நாடாவில் இடது ஓரம் வெறும் இருட்டு. குறுந்தட்டில் அங்கே இன்னொரு பெண் இருக்கிறாள். முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டிருக்கிறாள். வலது பாதத்தின் மேல் இடது பாதத்தை ஏற்றி வைத்திருக்கிறாள்.

அம்மா அடுப்படியில் அப்படித்தான் நிற்பாள். தோசைக்கல் முன், பால் பொங்கும்வரை, போனில் பேசும்போது.

ஹரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கால் வலிச்சா எல்லாரும் அப்படித்தான் நிப்பாங்க" என்றார். பிறகு, "இருக்கலாம்" என்றார். பிறகு, "மாமாகிட்ட எதுவும் சொல்லாதே" என்றார். மூன்றில் எதை எடுத்துக்கொள்வது? ஒப்பிட்டுப் பார்க்க அந்த வயதுப் போட்டோவும் இல்லை.

5

முடிவுகள்.

அ) குறுந்தட்டு ஓடவில்லை என்று சொல்லிவிட்டுப் பழைய நாடாவைப் போடுகிறோம். அப்பா வெள்ளைத் திட்டைப் பார்த்துக் கைதட்டுகிறார். (வி.சி.ஆர். எங்கே இருக்கிறது?)

ஆ) உண்மையைச் சொல்கிறேன். அப்பா அழுகிறார். (அப்பா அழுது நான் பார்த்ததில்லை, எழுத வராது.)

இ) ஜன்னல் வருவதற்குள் மின்சாரம் போகிறது. (மலிவான தந்திரம். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் ஜெனரேட்டரும் இருக்கிறது.)

6

நடந்தது இது.

ஞாயிறு மதியம். கேசரி செய்தேன், முந்திரி கருகிவிட்டது. அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, ரிமோட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். கல்யாணக் காட்சி ஓடிப்போனது. நான் இடது ஓரத்தைக் காட்டவில்லை. ஒன்பதாவது ஜன்னல் வந்ததும் நிறுத்தினார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். ரொம்ப நேரம் பார்த்தார். யாரும் கைதட்டவில்லை.

"மீசை வழிச்சிருக்கான்" என்றார்.

ஹரி என்னைப் பார்த்தார், நான் கேசரியைப் பார்த்தேன்.

"ஜன்னல்ல நிக்கிறது நான்தான்னு அவ சொன்னாளா, இல்ல, இது நீதானேன்னு நான் கேட்டேனா? ஞாபகம் இல்லம்மா. நான் கேட்டிருப்பேன். எல்லாரும் கைதட்டிட்டாங்க. அப்புறம் அவ எப்படி இல்லேன்னு சொல்லுவா?"

கேசரித் தட்டோடு உள்ளே போகும் அம்மா எனக்கு ஞாபகம் வந்தாள். அவள் சிரித்தது வெட்கத்தாலா, தப்பித்துக்கொள்ளவா? இதைக்கூட அவளிடம் நாங்கள் கேட்டதில்லை.

அப்பா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு நாள் போனது நிஜம். அப்ப எங்கேயோ இருக்கா. முதல்லேர்ந்து போடறேன். யாரும் நடுவுல பேசாதீங்க."

போட்டுவிட்டார். பெயர்கள் ஓடுகின்றன. அடுத்தது கல்யாணக் காட்சி. அப்பா வரிசையில் நடுவில் நிற்கும் அழகான பெண்களைத்தான் முதலில் பார்ப்பார். இடது ஓரத்துக்கு வர நேரமாகும், அதற்குள் காட்சி மாறிவிடும். கையை நீட்டிக் காட்டலாம். அது அம்மா இல்லையென்றால், இன்னொரு முகத்தை அவர் தலையில் கட்டியவள் ஆவேன். காட்டாவிட்டால், அம்மாவே அவருக்காக அங்கே நின்றிருந்தாலும் அவர் தாண்டிப் போய்விடுவார்.

நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. நீங்களும் இந்த சோபாவில்தான் இருக்கிறீர்கள், அந்தக் கால்களைப் பார்த்துவிட்டீர்கள். கையை நீட்டட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள், அப்பா இன்னும் நடுவில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.