முதலில் மருந்து, பிறகு புண்

எங்கள் ஆய்வகத்தில் எலிக்கு முதலில் மருந்து கொடுப்போம், பிறகுதான் புண் உண்டாக்குவோம். வேர்ப்பொடியைக் காய்ச்சிய கஷாயத்தைக் குழாய் வழியே வயிற்றுக்குள் விடுவேன். ஒரு மணி நேரம் கழித்து வயிற்றை எரிக்கும் சாராயத்தை விடுவேன். பிறகு வயிற்றைத் திறந்து புண்களை எண்ணுவேன். கஷாயம் குடித்த எலிகளுக்குப் புண் குறைவாகத்தான் இருந்தது. ‘புண் வருவதை ஓரளவு தடுக்கிறது’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

வந்த புண்ணை அது ஆற்றுமா? அதைச் சோதிக்கலாம் என்று இரண்டு முறை கேட்டேன். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம் சார்’. பார்க்கலாம் என்றார். அப்படியென்றால் பார்க்க மாட்டார்.

ஆனால் எங்களிடம் சோதனைக்குக் கொடுத்த கம்பெனி அந்தப் பொடியை டப்பாவில் அடைத்துக் கடைக்கு அனுப்பிவிட்டது. பஸ் ஓட்டும் என் அண்ணன், பத்து வருடமாகப் பசியை டீயால் அடக்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்ட மனிதர், ஒரு டப்பாவை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

“உன் லேப் பேரு போட்டிருக்கு பாரு!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயரை மட்டும் பார்த்துப் பூரித்துப்போனேன். அதற்கு மேலே ‘வயிற்றுப் புண்ணை ஆற்றும் என நிரூபிக்கப்பட்டது’ என்றிருந்த வரியைப் படிக்கவில்லை. கண்ணை எங்கே அடகு வைத்திருந்தேனோ!

டாக்டர் கொடுத்த மாத்திரையை அண்ணன் அன்றே நிறுத்தியிருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். மூன்றாவது வாரம் அண்ணி போன் செய்தார்.

“உங்க அண்ணன் கருப்பா வாந்தி எடுக்கறாரு. ஆஸ்பத்திரிக்கு ஓடி வா.”

புண் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

மறுநாள் காலை தலைவரின் மேசையில் டப்பாவை ‘டங்’கென்று வைத்தேன். அவர் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“தடுக்கும், ஆத்தும். ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? இதுக்குப் போய் இப்படிக் குதிக்கறியே.”

“எங்க அண்ணன் எலி இல்ல சார்! ‘உனக்குப் புண்ணு வரப்போகுது, முன்னாடியே குடிச்சிடு’ன்னு அவர்கிட்ட யாரும் வந்து சொல்லல.”

“சரி, கம்பெனிக்காரங்ககிட்ட பேசிப் பார்க்கலாம்.”

பார்க்கலாமாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த வேர்மீது எனக்குக் கோபமில்லை. அது நல்ல வேராகவே இருக்கலாம். புண் வந்த எலிக்கு அதைக் கொடுத்துப் பார்க்க உடம்பு வணங்காதவர்கள், ஊருக்கே விற்க மட்டும் முந்திக்கொண்டார்களே! என் அறிக்கையின் நகலையும் டப்பாவின் அட்டையையும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அன்றே அனுப்பினேன். வேலை போனால் போகட்டும்.

மாலையில் அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவருக்கு இன்னும் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

“அந்தப் பொடி புண்ணை ஆத்துமா, ஆத்தாதா? நீ சொல்லு, நம்பறேன்.”

“தெரியாதுண்ணா. அதை நாங்க சோதிக்கவே இல்ல.”

அவர் தன் கையில் குத்தியிருந்த ஊசியைக் காட்டினார்.

“அதான் என்னை வெச்சு சோதிச்சாச்சே” என்றார்.